பாக்கு மூட்டைக்காகச் செய்த பைக்

போன வருடம் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை தொடங்கிய சமயத்தில், திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குப் போகும் வழியில் உள்ள விதுராவில் நடந்தது இது. அப்போது நான் அங்கே ஒரு டூ வீலர் ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள் ஆகியிருந்தன.

எனக்குச் சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம். ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டேன். அதற்கப்புறம் செங்கல் சூளை, லாரியில் கிளீனர், கொச்சியில் மீன்பிடிப் படகு, மஸ்கட்டில் ஏ.சி. மாட்டும் வேலை என்று சுற்றினேன். படகில் இருந்தபோது வலைக்கயிறு இழுத்து இடது சுண்டுவிரலின் நுனி போய்விட்டது. ஸ்பானர் பிடிக்க மற்ற விரல்கள் போதும் என்பதால் அதைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் சொல்வதற்கில்லை. எந்த ஊரிலும் நான் ஒரு வருடத்துக்கு மேல் தங்கியதில்லை. ஏன் என்று கேட்டால் எனக்கும் தெரியாது. ஒரு நாள் காலையில் பையோடு பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருப்பேன், அவ்வளவுதான். விதுராவுக்கு வந்ததும் அப்படித்தான். பொன்முடி பார்க்கலாம் என்று ஏறிய பஸ், டயர் பஞ்சராகி இந்த ஒர்க்‌ஷாப்புக்கு எதிரே நின்றது.

ஒர்க்‌ஷாப் முதலாளியை ஊரே ஆசான் என்றுதான் கூப்பிடும். பெரிய உடம்பு, பெரிய மீசை, பைக் விஷயத்தில் பெரிய பேச்சு. வாலிப வயதில் சேற்றில் பைக் ஓட்டும் போட்டி ஒன்றில் மூன்றாவதாக வந்தவர். அந்தக் கோப்பை இன்னும் கிரீஸ் டப்பாக்களுக்கு நடுவே இருக்கிறது. போட்டியில் கலந்துகொண்டதே மூன்று பேர்தான் என்று, மிளகும் பாக்கும் வாங்கி விற்கும் பக்கத்து மலைச்சரக்குக் கடைக்காரர் சொல்வார். ஆசான் அதை மறுத்து நான் கேட்டதில்லை.

எங்கள் பஞ்சாயத்தில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கிற பாலியேட்டிவ் நர்ஸ் ஒருவர் இருக்கிறார், சிஸ்டர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். பாறசாலைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். சின்ன உருவம், நீளமான நாக்கு. அவருடைய ஸ்கூட்டர் வாரம் ஒரு முறையாவது எங்களிடம் வரும். ஒரு நாள் அவர் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு வந்து, எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து முந்தைய நாள் நடந்ததைச் சொன்னார்.

மலைக்கு மேலே ஒரு பழைய தேயிலை எஸ்டேட் இருக்கிறது. வேலை நின்று பல காலமாகியும் சில தமிழ்க் குடும்பங்கள் இன்னும் அங்குள்ள லயங்களிலேயே, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளிலேயே, இருக்கின்றன. அங்கே ஒரு பெரியவருக்குச் சிறுநீர் தானாகப் போகாது. குழாய் போட்டுத்தான் வெளியே எடுக்க வேண்டும். அந்தக் குழாய் சில நேரம் அடைத்துக்கொள்ளும். முந்தைய நாள் அப்படி அடைத்திருக்கிறது. ஸ்கூட்டர் பாதி மலையில் நின்றுவிட, ஜீப் கிடைத்துச் சிஸ்டர் போய்ச் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டதாம்.

"வயிறு பானை மாதிரி வீங்கிக் கெடந்தாரு ஆசானே. அந்த மனுசன் போன்ல கத்தின கத்து எனக்க காதுல இன்னும் இருக்கு. மலை ஏறுத வண்டி ஒண்ணு வேணும். நான் ஓட்டுவேன். செஞ்சு தருவியளா?" என்று கேட்டார்.

வண்டி கிடைத்த கதை தனி. கழக்கூட்டத்தில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு இளைஞர், காடு மேடு போவதற்கென்றே ஒரு பைக் வாங்கி வைத்திருந்தார். அதில் பின்னால் கேரியர், இரண்டு பக்கமும் பெட்டி, நாலு விளக்கு, போனுக்கு ஒரு ஸ்டாண்ட், கேமராவுக்கு ஒரு ஸ்டாண்ட் என்று மாட்டியிருந்தார். முதல் பயணத்தில் கல்லாற்றில் விழுந்தார். இரண்டாவது முறை தான் குடியிருக்கும் ஃபிளாட்டின் பார்க்கிங்கில் நின்ற இடத்திலேயே விழுந்தார். பைக்கா நானா என்று மனைவி கேட்டுவிட்டாராம். சிஸ்டரின் தேவையை யாரோ வாட்ஸ்அப்பில் போட்டதைப் பார்த்து, காசு வேண்டாம், நல்ல காரியத்துக்குப் போகட்டும் என்று கொண்டுவந்து கொடுத்துவிட்டார். ஆனால் மகளைக் கட்டிக்கொடுத்த தகப்பன் மாதிரி தினமும் போன் செய்வார்.

"சேட்டா, அவ மழையில நனையிறதில்லையே?"

"இல்ல சாரே, உள்ளேதான் இருக்கு."

"அந்தக் கேரியர் நான் ஆன்லைன்ல வாங்கினது. நல்ல சாதனமாணு, கேட்டோ."

நல்ல பொருள் என்று அவர் சொல்லும்போது கேரியர் ஏற்கெனவே மூலையில் கிடந்தது. ஏனென்றால் ஆசானுக்கு ஒரு கொள்கை உண்டு.

"மக்கா, மலை ஏறுத பைக்குக்கு எதிரி மலை இல்ல, எடை. எடையக் குறைச்சா பாதி மலை காணாமப் போவும்."

ஆகவே கழற்றினோம். பெட்டிகள், கேரியர், விளக்குகள், சேலை மாட்டாமலிருக்க வைத்த கம்பி, பின் சீட்டில் உட்காருபவர் பிடிக்கும் கைப்பிடி, அவர் கால் வைக்கும் படிகள், சைலன்சர் மேல் சூடு படாமலிருக்கப் போட்ட தகடு, எல்லாம் போயிற்று. கண்ணாடி, நம்பர் பிளேட், இண்டிகேட்டர் மட்டும் தப்பின. கேரளத்து ஆர்.டி.ஓ. பற்றிய பயம் அந்த அளவுக்காவது எங்களுக்கு இருந்தது. பின் சீட்டையும் பாதியாக அறுத்து, அது இருந்த இடத்தில் வெறும் இரும்புச் சட்டம் மட்டும் தெரிகிற மாதிரி விட்டோம். ஒவ்வொன்றைக் கழற்றும்போதும் ஆசான் அதைக் கையில் தூக்கி எடை பார்த்து, "பாத்தியா, ஒரு கோழி எடை" என்பார். கடைசியில் மூலையில் ஒரு கோழிப்பண்ணையே கிடந்தது.

பிறகு சிஸ்டரின் உயரத்துக்கு வண்டியைத் தாழ்த்தினோம். முன் ஃபோர்க்கைக் கிளாம்பில் மேலே ஏற்றி, பின் ஷாக் அப்சார்பரின் இணைப்பை மாற்றி, சீட்டின் பஞ்சைச் செதுக்கினோம். தாழ்த்திய வண்டிக்குப் பழைய சைட் ஸ்டாண்ட் நீளமாகிவிடும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். தெரிந்தும் மறந்துவிட்டோம். ஸ்டாண்ட் போட்டு நிறுத்திவிட்டுக் கை கழுவத் திரும்பியபோது வண்டி யோசித்துப் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கமாக ஆசானின் டீ மேல் சாய்ந்தது. அதன்பின் ஸ்டாண்டை வெட்டி வெல்டிங் செய்தார் ஆசான். கோபத்தில் கொஞ்சம் அதிகமாக வெட்டிவிட்டார். அன்று முதல் அந்த பைக் கள்ளுக்கடை வாசலில் நிற்கிறவர் மாதிரிதான் சாய்ந்து நிற்கும்.

முன் பல்சக்கரத்தைச் சின்னதாகவும் பின்னதைப் பெரிதாகவும் மாற்றினோம். வேகம் போய்விடும், ஆனால் செங்குத்தான ஏற்றத்தில்கூட நடந்து போவதுபோல் மெதுவாக, அணைந்துவிடாமல் ஏறும். சேற்றைக் கடித்துப் பிடிக்க முண்டு முண்டாக ரப்பர் உள்ள டயர் போட்டோம். மீதி இருந்தது ஸ்பிரிங் அமைப்பதுதான்.

இந்த வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஓட்டுபவர் ஏறி உட்கார்ந்ததும் வண்டி கொஞ்சம் தாழ வேண்டும். அதிகம் தாழ்ந்தால் பள்ளத்தில் அடி இடிக்கும். குறைவாகத் தாழ்ந்தால் கல்லில் பட்டு ஆளைத் தூக்கி எறியும். ஆகவே ஓட்டப் போகிறவரையே உட்கார வைத்து அளந்து ஸ்பிரிங்கைத் திருகுவார்கள். சிஸ்டருக்கோ எங்கள் கடையில் வந்து உட்கார நேரமில்லை. போன் செய்தோம்.

"சிஸ்டரே, உங்க எடை எவ்வளவு?"

"எதுக்கு, எனக்குச் சவப்பெட்டி செய்யுதியளா?"

விளக்கிச் சொன்னதும் எடையைச் சொன்னார். ஆசான் நேராகப் பக்கத்து மலைச்சரக்குக் கடைக்குப் போய், அந்த எடைக்குச் சரியாகப் பாக்கு நிறுத்து ஒரு சாக்கில் கட்டிக் கொண்டுவந்தார். அரிசி மூட்டை விறைப்பாக நிற்கும், பாக்கு மூட்டைதான் மனுஷர் மாதிரி சீட்டில் அமுங்கி உட்காரும் என்பது அவர் கண்டுபிடிப்பு. மூட்டையைச் சீட்டில் வைத்துக் கயிற்றால் கட்டினோம். தலை இல்லாமல் பார்க்க ஒரு மாதிரி இருந்ததால் அதன்மேல் ஒரு ஹெல்மெட்டையும் வைத்தோம். நான் பைக்கைப் பிடித்துக்கொள்ள, ஆசான் டேப் வைத்து அளந்து, ஸ்பிரிங்கைத் திருகி, மறுபடி அளந்து, "சிஸ்டரே, கொஞ்சம் முன்னால நீங்கி இருங்க" என்று மூட்டையைத் தள்ளி வைத்துக்கொண்டிருந்தார்.

மலையாளக் கரையில் ஒரு ஆளின் எடைக்கு எடை ஏதாவது நிறுத்தினால் அதற்கு ஒரே அர்த்தம்தான், கோயில் வேண்டுதல். பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு அம்மா குடையோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"எந்த அம்பலத்துக்கு? யாருக்க துலாபாரம்?"

"இது வேற சாமி அம்மா. மருந்து கொண்டு போற சாமி" என்றார் ஆசான், தலை நிமிராமல்.

அந்த அம்மா கண்ணை மூடி மூட்டையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் பஸ் ஏறினார். கடைக்காரர் மட்டும் தூரத்திலிருந்து, "பூஜை முடிஞ்சா எனக்க பாக்கைத் திருப்பித் தாங்கடே" என்று கத்தினார். மூட்டையை இறக்கியபோது, இந்த ஜில்லாவிலேயே இவ்வளவு துல்லியமாக ஒரு பைக்கை அமைத்தவர்கள் கிடையாது என்று நாங்கள் இருவரும் நம்பினோம்.

வண்டியைக் கொடுப்பதற்கு நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தார் ஆசான். அதற்குள் மழை ஒரு நாளைப் பார்த்துவிட்டது.

அன்று காலை பத்து மணி இருக்கும். சிஸ்டர் ஒரு ஜீப்பில் வந்து இறங்கினார். பெரியவருக்கு மறுபடியும் குழாய் அடைத்துவிட்டது. விடிந்ததிலிருந்து துடித்துக்கொண்டிருக்கிறார் என்று அவருடைய மருமகள் போன் செய்திருக்கிறாள். அந்த ஜீப்பிலேயே மேலே போய்ப் பார்த்திருக்கிறார், ஆனால் எஸ்டேட் ரோட்டில் ஒரு பெரிய மரம் குறுக்கே விழுந்து கிடக்கிறது. வெட்டி எடுக்கச் சாயங்காலம் ஆகும். அதற்குள் அந்த வயிறு தாங்காது.

"வண்டி ரெடிதானே?" என்றார்.

"சிஸ்டருக்கு அளவெடுத்துத் தச்ச சட்டை மாதிரி இருக்கு" என்றார் ஆசான்.

"அப்போ வாங்க. ஒரு ஆளும் வேணும். ஹோம் கேருக்கு ஒத்தையாப் போக முடியாது, அவரப் பிடிச்சுக்கிட ஆளு வேணும். எனக்க கூட வழக்கமா வாற வாலண்டியர் இன்னைக்கு மெடிக்கல் காலேஜ்ல இருக்காரு, அவருக்க அம்மைக்குச் சுகமில்ல. அங்க இருக்க மருமகளோ எட்டு மாசக் கர்ப்பிணி."

ஆசான் என்னைப் பார்த்தார். நான் ஆசானைப் பார்த்தேன். அவருடைய உடம்பைப் பார்த்ததும் போகவேண்டியது யார் என்பதில் சந்தேகமில்லை.

சிஸ்டர் பைக்கை ஓட்டினார், நானும் மருந்துப் பெட்டியும் ஜீப்பில் பின்னால் போனோம். மரம் கிடந்த இடத்தில் நானும் ஜீப் டிரைவரும் பைக்கைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தோம். சைக்கிளைத் தூக்குவது போல் இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. டிரைவர்கூட, "கொள்ளாமே, நல்லாருக்கே, ஒண்ணும் எடையே இல்லையே" என்றார். ஜீப் திரும்பிப் போனது. பெட்டியை எடுத்துக்கொண்டு பைக்கிடம் வந்தேன். அப்போதுதான் பார்த்தேன், அந்தப் பெட்டியை வைப்பதற்கு வண்டியில் இடம் இல்லை.

இடம் இல்லை என்றால் ஒரு இடமும் இல்லை. கேரியர் இல்லை, பக்கப் பெட்டி இல்லை, கட்டிவைக்க ஒரு கம்பி இல்லை. கயிறு கட்டலாம் என்றால் கயிற்றை மாட்ட ஒரு கொக்கி இல்லை. இருந்த கொக்கியையும் ஆசான், "ஒரு கோழிக்குஞ்சு எடை" என்று அறுத்திருந்தார். சிஸ்டர் என்னையும் பெட்டியையும் பைக்கையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பெட்டி எங்க வைக்க?"

நான் பெட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினேன்.

"நீங்க எங்க இருப்பிய?"

நான் அறுத்த சீட்டைப் பார்த்தேன்.

முன்னால் டேங்க் மேல் பெட்டியை வைத்துப் பார்த்தார். ஹேண்டில் திரும்பவில்லை. முதல் வளைவில் வண்டி நேராகப் போய்த் தேயிலைச் செடிக்குள் நுழைந்து நின்றது. அடி ஒன்றும் படவில்லை. செடிக்குள்ளிருந்தே சிஸ்டர் சொன்னார், "நான் முன்னால போய் அவரைப் பாக்குதேன். நீங்க பெட்டியோட ஓடி வாங்க. ரோட்டு வழியே வந்தா லயம்தான்."

சொல்லிவிட்டுப் போனார். எப்படிப் போனார் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். மழை அரித்து, கல் துருத்தி, நடுவில் ஓடையே ஓடிக்கொண்டிருந்த அந்த ஏற்றத்தில் வண்டி வெள்ளாடு மாதிரி ஏறியது. கல்லில் ஏறி இறங்கும்போது ஸ்பிரிங் தாழ்ந்து எழுந்தது, சிஸ்டர் சீட்டில் அசையவே இல்லை. அவர் எடைக்கு, அவர் ஒருவருக்கு, அப்படி ஒரு வண்டி எங்கும் கிடையாது. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நான் நின்று ரசித்தேன். வளைவில் திரும்பி மறைந்த பிறகுதான் உறைத்தது. நர்ஸ் மேலே போய்விட்டார். மருந்து என் தலையில் இருக்கிறது.

ஓடினேன். ரப்பர் செருப்போடு அந்தச் சேற்றில் ஓடியவர்களுக்குத் தெரியும். ஒரு இடத்தில் ரோடு இரண்டாகப் பிரிந்தது. டயர்த் தடத்தை மழை ஏற்கெனவே அழித்திருந்தது. அகலமாக இருந்த பாதைதான் சரியாக இருக்கும் என்று போனேன். அது கூரை இல்லாத ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில் போய் முடிந்தது. திரும்பி வரும் வழியில் குறுக்கே போகலாம் என்று தேயிலைக்குள் இறங்கி, வழுக்கி, பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மல்லாந்தபடியே ஒரு வரிசை முழுவதும் சறுக்கினேன். அட்டை ஏறியது முதலில் தெரியவில்லை. காலைப் பார்த்தபோது எனக்குக் கறுப்பு சாக்ஸ் போட்டுவிட்டது போல் இருந்தது. படகிலும் பாலைவனத்திலும் பட்டதெல்லாம் பட்டிருக்கிறேன், ஆனால் அங்கே யாரும் எனக்காகக் காத்திருக்கவில்லை. இங்கே ஒரு மனுஷர் மூத்திரம் போக முடியாமல் காத்திருக்கிறார், அவருடைய குழாய் என் நெஞ்சில் இருக்கிறது, நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை.

மேலே நடந்ததைச் சிஸ்டர் பிறகு சொன்னார். அவரைப் பார்த்ததும் பெரியவர் வலியை மறந்து ஒரு கணம் சிரித்தாராம். பிறகு வெறும் கையைப் பார்த்திருக்கிறார்.

"பொட்டி எங்கம்மா?"

"வருது அப்பா."

"எதுல வருது?"

"தலையில வருது."

அதற்கு அவர் சொன்னதைச் சிஸ்டர் எனக்குச் சொல்லவில்லை. எழுதவும் முடியாதாம்.

தேயிலைக்குள்ளிருந்து நான் ரோட்டுக்கு ஏறியபோது பைக் சத்தம் கேட்டது. சிஸ்டர் என்னைத் தேடித் திரும்பி வந்திருந்தார். "கேறுங்க அண்ணே" என்றார்.

"குழாயும் மருந்தும் மட்டும் எடுத்துட்டுப் போங்க சிஸ்டரே, நான் ஓடி வாறேன்."

"ஓடினது கண்டேன். ஆளைப் பிடிக்க ஆளு வேணும்னு சொன்னேனே. கேறுங்க."

ஏறினேன். ஏறினேன் என்று சொல்வதுகூடத் தப்பு. அறுத்த சீட்டுக்குப் பின்னால் இருந்த வெறும் இரும்புச் சட்டத்தின் மேல் என்னை வைத்தேன். பெட்டியை ஒரு கையால் தலையில் பிடித்து, மறு கையால் எதைப் பிடிப்பது என்று தேடினேன். கைப்பிடியைக் கழற்றியவன் நான்தான். சிஸ்டரின் ரெயின்கோட் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டேன். கால் வைக்கப் படி இல்லை. இரண்டு காலையும் இரண்டு பக்கமும் விரித்து, பறக்கக் கற்றுக்கொள்ளும் கொக்கு மாதிரி நீட்டிக்கொண்டேன்.

நான் உட்கார்ந்த உடனேயே எங்களுடைய துல்லியமான ஸ்பிரிங் அடி வரைக்கும் அமுங்கி அப்படியே நின்றுவிட்டது. அதற்கு மேல் அமுங்க இடமில்லாததால், ஒவ்வொரு கல்லையும் அந்த ரோடு நேரடியாக என் முதுகெலும்புக்கு அனுப்பி வைத்தது. டயர் மட்கார்டில் உரசி அழுதது. கால் வலித்து ஒரு தடவை கீழே தொங்கவிட்டேன். சைலன்சர் மேல் பட்டது. தகடு போன இடம் எது என்பது எனக்கு நன்றாகத் தெரியும், ஒர்க்‌ஷாப் மூலையில், ஒரு கோழி எடைக்கு. நான் போட்ட அலறலில் சிஸ்டர் திரும்பிப் பார்க்காமல், "கால் தூக்குங்க அண்ணே, கால் தூக்குங்க!" என்று கத்தினார். ரொம்பச் செங்குத்தான இடங்களில் இறங்கித் தள்ளினேன், பிறகு மறுபடி ஏறி அந்த இரும்பின் மேல் அமர்ந்தேன். இறங்கித் தள்ளுவதுதான் சுகமாக இருந்தது. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். பல்சக்கரம் மாற்றியது வீண் போகவில்லை. அவ்வளவு பாரத்திலும் வண்டி ஒரு இடத்தில்கூட அணையவில்லை.

லயத்துக்கு முன்னால் நிற்பதற்கு முன்பே பெரியவரின் குரல் கேட்டது. கெட்ட வார்த்தை எதுவும் மிச்சமில்லாமல் தீர்ந்துபோய், வெறும் முனகலாகிவிட்டிருந்தது. மருமகள் வாசலில் இரண்டு கையாலும் தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். உள்ளே போனோம். சிஸ்டர் கையைக் கழுவி, உறை மாட்டி, பெட்டியைத் திறந்தார். அந்த நிமிடம் முதல் அவர் வாயிலிருந்து ஒரு வேண்டாத சொல் வரவில்லை. என்னைப் பெரியவரின் தோளையும் முட்டியையும் பிடிக்கச் சொன்னார். அந்த வயிற்றைப் பார்த்தேன். பானை என்று அவர் சொன்னது மிகையில்லை. பெரியவர் என் கையைப் பிடித்த பிடியில், படகில் போன விரலுக்குத் துணையாக இன்னொன்றும் போய்விடும் என்று தோன்றியது. போனால் போகட்டும் என்றும் தோன்றியது.

பழைய குழாய் வெளியே வந்தது. புதிய குழாய் உள்ளே போனது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு பையில் சொட்டுச் சொட்டாக, அப்புறம் நூலாக இறங்கத் தொடங்கியது. நான் என் வாழ்க்கையில் பல நல்ல சத்தங்களைக் கேட்டிருக்கிறேன். அதைப் போல ஒன்றைக் கேட்டதில்லை. ஒரேயடியாக விடக்கூடாதாம், சிஸ்டர் நடுவில் நிறுத்தி நிறுத்தி விட்டார். பெரியவரின் பிடி ஒவ்வொரு விரலாகத் தளர்ந்தது. கண்ணை மூடி, "அம்மாடி" என்றார். முகத்தில் இருந்த சுருக்கமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. மருமகள் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கொஞ்சம் கழித்து அவர் கண்ணைத் திறந்து முதல்முறையாக என்னைப் பார்த்தார். தலை முதல் கால் வரை சேறு. காலில் அட்டைகள். கெண்டைக்காலில் கொப்புளம். நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் கோணலாக நின்றுகொண்டிருந்தேன்.

"ஏ தாயீ" என்றார் சிஸ்டரிடம். "எனக்குச் சரியாப் போச்சு. மொதல்ல இந்த ஆளைப் பாரு. எந்த ஆஸ்பத்திரியில இருந்து தூக்கிட்டு வந்த?"

சிஸ்டர் சிரிக்கத் தொடங்கி, தரையில் உட்கார்ந்து சிரித்தார். மருமகளும் அழுகையோடு சிரித்தாள். அவள் உப்பு கொண்டுவந்து என் காலில் போட்டு அட்டைகளை உதிர்த்து, பால் விடாத கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தாள். நான் நின்றுகொண்டே குடித்தேன். பெரியவர் விடவில்லை.

"அது என்ன வண்டி? பொட்டி வைக்க எடமில்ல, ஆளு உக்கார எடமில்ல. எந்த முட்டாப்பய செஞ்சது?"

"அது கீழே ஒரு ஒர்க்‌ஷாப்புல" என்றேன்.

"அந்தப் பயலை இங்க கூட்டிட்டு வா. நான் கேக்கேன்."

"கூட்டிட்டுத்தான் வந்திருக்கேன் அப்பா" என்றார் சிஸ்டர்.

பெரியவர் என்னை மறுபடி ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். என்ன கேட்க நினைத்தாரோ, எனக்குத் தேவையான தண்டனை கிடைத்துவிட்டது என்று முடிவு செய்தவர் போல, மருமகளிடம் இன்னொரு டீ கொடுக்கச் சொன்னார்.

இறங்கும்போது நான் நடந்தே வந்தேன். யாரும் வற்புறுத்தவில்லை. கீழே ஆசான் கடை வாசலிலேயே நின்றிருந்தார். "ஆளு எப்படி?" என்றார். பிழைத்துக்கொண்டார் என்றதும் மூச்சு விட்டு, உடனே, "வண்டி எப்படி?" என்றார்.

"வண்டி கொள்ளாம் ஆசானே" என்றார் சிஸ்டர். "ஒத்த ஆளுக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. அடுத்த தடவை அந்தப் பாக்கு மூட்டையவே அனுப்பிருங்க. மலைக்கு அது போகட்டும், நான் வீட்டுல இருக்கேன்."

ஆசான் மீசையைத் தடவினார். அவர் மீசையைத் தடவினால் தோற்றுவிட்டார் என்று அர்த்தம். அன்றைக்கே மூலையில் இருந்த கோழிகளை ஒவ்வொன்றாக எடுத்து மாட்டத் தொடங்கினோம். கேரியர், படி, கைப்பிடி, தகடு எல்லாம் ஏறின. வேறு பைக்கிலிருந்து ஒரு பின் சீட்டு கிடைத்தது. பின் ஸ்பிரிங்கைக் கடினமானதாக மாற்றினோம். இந்த முறை மூட்டை இல்லை. சிஸ்டரை உட்கார வைத்து, பின்னால் என்னை உட்கார வைத்து, நிறைத்த மருந்துப் பெட்டியைக் கேரியரில் கட்டி, அதன்பிறகுதான் டேப்பை எடுத்தார் ஆசான். கடைக்காரர் வந்து நின்று பார்த்து, "துலாபாரத்துக்கு இப்பதான் சரியான ஆளு வந்திருக்கு" என்றார். நடுவில் கழக்கூட்டத்து இளைஞரின் போன் வந்தது. கேரியர் வண்டியில்தான் இருக்கிறது என்று முதல்முறையாக உண்மையைச் சொல்ல முடிந்தது.

வழக்கமாக வருகிற வாலண்டியர் தன் அம்மாவோடு நெடுநாள் ஆஸ்பத்திரியிலேயே இருக்க வேண்டியதாயிற்று. குழாய் மாற்றும் நாள்களில் பின் சீட்டில் நான்தான் போகிறேன். மருமகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. பெரியவர் அதற்கு என்னைக் காட்டி, "இந்தா பாரு, முட்டாப்பய மாமா வந்துட்டான்" என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். ஒரு முறை நான் காய்ச்சலால் போகவில்லை. எங்கே அவன், வேறு ஊருக்கு ஓடிவிட்டானா என்று பெரியவர் கேட்டு, நான் இல்லாத இடத்தில் என்னைப் போதுமான அளவு திட்டினார் என்று சிஸ்டர் வந்து சொன்னார்.

விதுராவுக்கு வந்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனால் போர்டுகளை இன்னும் வாசித்துப் பார்க்கிறேன், அந்தப் பழக்கம் விடவில்லை. ஆனால் இத்தனை ஊர் சுற்றியும் நான் வராத நாளில் என்னைக் காணோமென்று கத்துவதற்கு ஒரு ஆள் இருந்ததில்லை. அந்த ஒரு திட்டு, எந்த ஊரிலும் நிற்காத என் காலை இங்கே நிறுத்தி வைத்திருக்கிறது.